மூச்சு வாங்கும் அப்பாவின் மறதியை ஒரு கணினி சொல்லிவிடுமா?

பல்லடம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 71 வயது. பஞ்சாலையில், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமிலும் அதைச் சீவும் கார்டிங்கிலுமாக 34 வருடம் வேலை. பீடியை விட்டுப் பத்து வருடம் ஆகிறது, சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய்க்கு ஆறு வருடமாக மருந்து உறிஞ்சுகிறார். எட்டு மாதத்துக்கு முன்னால் அம்மா தவறிவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா சொன்னதையே திரும்பச் சொல்கிறார், மாத்திரை போட்டாரா இல்லையா என்பது அவருக்கே தெரிவதில்லை. போன மாதம் ஒரு நுரையீரல் முகாமில் டேப்லெட்டைக் கையில் கொடுத்துப் பதினைந்து நிமிடம் ஏதோ விளையாட்டு மாதிரி செய்யச் சொன்னார்கள். வந்த தாளில் சிவப்பு எழுத்தில் 'அறிவாற்றல் குறைபாடு இருக்க வாய்ப்பு அதிகம்' என்று இருந்தது. அதைப் பார்த்த அண்ணன், காட்டை, அதாவது விவசாய நிலத்தை, இப்போதே எழுதி வாங்கிவிட வேண்டும் என்கிறார். இது டிமென்ஷியா என்கிற மறதி நோயா, கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்குமா, ஆக்சிஜன் மிஷின் வாங்கி வைத்தால் ஞாபகம் திரும்புமா, அப்பாவிடம் இதைச் சொல்லலாமா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்கையும் சேர்த்துப் படிக்கும்போது, அந்த ஒரு தாளை வைத்து அப்பாவைப் பற்றி எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யக்கூடாது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

நான் மருத்துவ உளவியல் படித்தவள். கோவையில் ஒரு மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவோடு சேர்ந்து பதினாறு வருடமாக நினைவுச் சோதனைகள் செய்கிறேன். காகிதச் சோதனைகளில் தொடங்கி இப்போது பெரும்பாலும் கணினியில். நோயைக் கண்டறிந்து பெயர் வைப்பது நரம்பியல் மருத்துவரின் வேலை, ஆக்சிஜனை எழுதித் தருவது நுரையீரல் மருத்துவரின் வேலை. உங்கள் அப்பாவை நான் பார்க்கவுமில்லை. இந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம். அந்தத் தாளை வைத்து டிமென்ஷியா என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்கிரீனிங் என்பது சல்லடை. எதை எடுத்து இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டும், அதோடு சரி. டிமென்ஷியா என்று சொல்ல வேண்டுமானால், நினைவோ சிந்தனையோ முன்பிருந்த நிலையிலிருந்து இறங்கியிருக்க வேண்டும், அந்த இறக்கம் அன்றாடக் காரியங்களைக் கெடுக்கிற அளவுக்கு இருக்க வேண்டும், வேறு சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும். பதினைந்து நிமிட டேப்லெட் சோதனைக்கு அப்பா முன்பு எப்படி இருந்தார் என்பது தெரியாது. வீட்டில் என்ன செய்கிறார், என்ன செய்யாமல் விட்டார் என்பதும் தெரியாது. எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது நிச்சயமாகத் தெரியாது.

ஆனால் அதற்காகத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். சிஓபிடி உள்ள முதியவர்களுக்குக் கவனம், திட்டமிடும் திறன், யோசிக்கும் வேகம், நினைவு ஆகியவை அதே வயதுள்ள மற்றவர்களைவிட அதிகமாகப் பாதிக்கப்படுகின்றன என்பது பல நாடுகளில் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். இதில் சந்தேகம் இல்லை. நூற்றுக்கு எத்தனை பேருக்கு என்பதில்தான் ஆய்வுக்கு ஆய்வு எண்கள் வெகுவாக மாறுகின்றன. யாரைச் சோதித்தார்கள், எந்தச் சோதனையால், நோய் எந்தக் கட்டத்தில் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். அதனால் யாராவது ஒரு சதவீதத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணமும் ஒன்றல்ல. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது, கரியமில வாயு தேங்குவது, உடம்பு முழுவதும் நீடிக்கும் அழற்சி, புகையால் மூளையின் ரத்தக் குழாய்களுக்கு வந்த கேடு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, நடமாட்டம் குறைந்து வீட்டோடு முடங்குவது, மனச்சோர்வு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சேர்கின்றன. ஒரு தனி மனிதரிடம் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் இவற்றில் பாதிக்கு மேல் மருந்தாலோ பழக்கத்தாலோ கொஞ்சமாவது திருத்தக்கூடியவை. அதனால்தான் இந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்து நான் அவசரப்படுவதில்லை.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1930களில் பைகாரா மின்சாரம் வந்தபின் கோவையைச் சுற்றி ஆலைகள் பெருகின. அன்றிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்கள் நாம். ப்ளோரூமும் கார்டிங்கும்தான் தூசி அதிகமுள்ள இடங்கள். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், அடுத்தடுத்த நாளில் லேசாகும். இதுதான் பைசினோசிஸ் என்கிற பஞ்சுத்தூசி நோயின் பழைய அடையாளம். வருடக்கணக்கில் அது தொடர்ந்தால் பிற்பாடு சிஓபிடி போலவே நிரந்தர இளைப்பாகிவிடும். 'திங்கட்கெழம ஆனா நெஞ்சு கட்டிக்கும்ங்க' என்று என்னிடம் சொன்ன பெரியவர்கள் பலர். பீடி மட்டும்தான் காரணம் என்று அப்பாவே தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால், 34 வருடத் தூசியையும் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடமும் எந்தத் துறையில் வேலை பார்த்தார் என்று கட்டாயம் சொல்லுங்கள். இதேபோல, வாழ்நாள் முழுக்கப் பருத்திமாரும் தென்னை மட்டையும் வைத்து அடுப்பெரித்த பெண்களுக்கும் ஒரு பீடிகூடத் தொடாமல் இதே நோய் வருகிறது. அவர்களுக்கு மூச்சு வாங்கினால் 'வயசாயிருச்சு' என்றே விட்டுவிடுகிறார்கள்.

இனி அந்தக் கணினிச் சோதனை. காகிதத்தில் செய்யும் பழைய சோதனைகளில் எம்எம்எஸ்இ 1975இல் வந்தது, மோகா 2005இல் வந்தது. இரண்டுக்கும் மொத்தம் 30 மதிப்பெண். எம்எம்எஸ்இ பெரும்பாலும் தேதி, இடம், சொற்களை நினைவில் வைத்தல், மொழி ஆகியவற்றையே பார்க்கிறது. நுரையீரல் நோயில் முதலில் அடிபடுவது கவனமும் திட்டமிடுதலும் வேகமும் என்பதால், எம்எம்எஸ்இயில் நன்றாகவே மதிப்பெண் வாங்கிவிட்டு வீட்டில் தடுமாறுகிறவர்கள் உண்டு. மோகா அந்த விஷயத்தில் மேல். கணினி இன்னும் ஒரு படி நுணுக்கமாகப் பார்க்கும். திரையில் ஒன்று தோன்றியதும் விரல் தொட எத்தனை மில்லிவினாடி ஆகிறது, அறுபது முறை செய்தால் அறுபதிலும் ஒரே வேகமா, அல்லது நடுநடுவே கவனம் நழுவுகிறதா என்பதை எந்த மனிதக் கண்ணும் பிடிக்காது, கணினி பிடிக்கும். சோதிப்பவர் களைத்துப் போனாலும் அது ஒரே மாதிரிதான் கேட்கும். ஆறு மாதம் கழித்து வேறு படங்கள், வேறு சொற்களை வைத்து அதே கடினத்தில் மறுபடி சோதிக்கலாம்.

அது பலன் தந்ததையும் பார்த்திருக்கிறேன். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்த ஒரு பெரியவர், இளைப்புக்காக வந்தவர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் நான் எழுதி முடிப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவார். காகிதத்தில் 30க்கு 28. கணினியில் மட்டும் திட்டமிடும் பகுதி சரிந்தது, வேகம் ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் ஏறி இறங்கியது. மூச்சு சீராக இருந்த நாளில் இன்னொரு முறை செய்தபோதும் அப்படியே. அதன்பிறகு அவருடைய மனைவியைத் தனியே உட்காரவைத்துக் கேட்டேன். ஒரு வருடமாகவே கணக்கு நோட்டை மருமகனிடம் தள்ளிவிடுகிறார், சரக்கு யாருக்குக் கொடுத்தார் என்பதில் குழப்பம் என்று அப்போதுதான் சொன்னார். வியாபாரத்திலேயே ஊறிய அந்தக் கணக்கு, அவருடைய குறையைக் காகிதத்தில் மறைத்துவிட்டது.

அதே கணினி பிழைபடும் இடங்களும் நிறைய. உங்கள் அப்பா போன்றவர்களிடம்தான் அவை அதிகமாகத் தெரிகின்றன. தொடுதிரை விரல் நுனியின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. நூல் முடிந்தும் மண்வெட்டி பிடித்தும் காய்ப்பேறிய, வறண்ட விரலைச் சில சமயம் திரை உணர்வதே இல்லை. அவர் சரியாகத்தான் தொட்டார், திரை வாங்கவில்லை, இரண்டாவது முறை அழுத்தித் தொட்டார். கணினி அதைத் தாமதம் என்று எழுதிக்கொள்கிறது. நான் ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டு, நாலு தடவை சும்மா தொட்டுப் பழகவிட்ட பிறகுதான் ஆரம்பிப்பேன். முகாமில் வரிசை நிற்கும்போது யாரும் அதைச் செய்வதில்லை. உலகெங்கும் பயன்படும் ஒரு சோதனைத் தொகுப்பில் சீட்டுக்கட்டின் படங்கள்தான் வரும். கோபி பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா அதைப் பார்த்ததுமே கையை இழுத்துக்கொண்டார். 'சீட்டு வேண்டாங்க கண்ணு, எங்க வூட்டுக்காரரு அதுலதான் காட்டை அழிச்சாரு' என்றார். அவரிடம் நான் அந்தச் சோதனையை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் அவருடைய துக்கம்தான் மதிப்பெண்ணாக வந்திருக்கும்.

பள்ளிப் படிப்பும் பெரிய விஷயம். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லும் சோதனைக்கு அகரவரிசை நாக்கு நுனியில் இருக்க வேண்டும். அஞ்சாவதோடு ஆலைக்குப் போனவருக்கு அது எங்கே இருக்கும்? மோகாவின் மூலப் படிவத்தில் சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் என்று மூன்று விலங்குப் படங்கள் உண்டு. காண்டாமிருகத்துக்குப் பெயர் சொல்லாதவர் எல்லாம் மறதிக்காரர் இல்லை. 'இன்னைக்குத் தேதி என்னங்க' என்று கேட்டால், 'ஆடி பதினெட்டு போயி நாலாம் நாளுங்க' என்று துல்லியமாகச் சொல்லுவார்கள். நான் நேரில் இருந்தால் அதைச் சரி என்று எடுத்துக்கொள்வேன். நான்கு ஆங்கிலத் தேதிகளைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லும் திரை அதைத் தவறு என்று எடுத்துக்கொள்ளும். அதனால் மதிப்பெண்ணைவிட, அந்த மதிப்பெண் யாரோடு ஒப்பிடப்பட்டது என்பதே முக்கியம். அதே வயதும் அதே படிப்பும் உள்ள தமிழ் பேசுகிறவர்களோடா, அல்லது பன்னிரண்டு வருடம் பள்ளி போன வேறு நாட்டுக்காரர்களோடா என்று முகாம் நடத்தியவர்களிடம் கேளுங்கள். அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அந்தச் சிவப்பு நிறத்துக்குப் பாதி மதிப்புகூடக் கொடுக்க வேண்டாம்.

நுரையீரல் நோயாளிக்கு இவற்றோடு இன்னொன்றும் சேரும். சோதனை நடந்த நேரத்தில் மூச்சு எப்படி இருந்தது? எங்கள் கட்டிடத்தில் ஒரு நாள் லிஃப்ட் ஓடவில்லை. ஒருவர் இரண்டு மாடி ஏறி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நேரமாகிறது என்று நானும் சற்று நேரத்திலேயே சோதனையைத் தொடங்கிவிட்டேன். வேகம் சம்பந்தப்பட்ட எல்லாப் பகுதியும் சிவப்பு. ஒரு வாரம் கழித்து இன்ஹேலர் எடுத்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, ஆக்சிஜன் அளவு பார்த்துவிட்டுச் செய்தபோது பெரும்பாலானவை சரியாக இருந்தன. இரண்டாவது முறை செய்யும்போது பழக்கத்தால் கொஞ்சம் மேம்படுவது இயல்பு, அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் பெரியது. அன்று நான் அளந்ததில் பாதி மாடிப்படி. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளின் மேலேயும் ஆக்சிஜன் அளவையும் கடைசியாக மருந்து உறிஞ்சிய நேரத்தையும் எழுதாமல் நான் தொடங்குவதில்லை. உங்கள் அப்பாவின் தாளில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்களுக்குச் சில வாரங்கள் வரை மூளை மந்தமாகவே இருக்கும். அந்தச் சமயத்தில் செய்த சோதனையை நிலையான முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்குமா என்று கேட்டீர்கள். கணக்காகவே பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு மட்டும். முகாமுக்கு நூறு பெரியவர்கள் வருகிறார்கள், அவர்களில் 20 பேருக்கு உண்மையிலேயே குறைபாடு இருக்கிறது என்று வையுங்கள். குறைபாடு உள்ளவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாகப் பிடிக்கிற, இல்லாதவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக விடுவிக்கிற நல்ல சோதனை என்றே வைத்துக்கொள்வோம். 20 பேரில் 16 பேரைப் பிடிக்கும். குறைபாடு இல்லாத 80 பேரிலும் 16 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆக, சிவப்புத் தாளோடு வீட்டுக்குப் போகிற 32 பேரில் சரிபாதிப் பேருக்கு எதுவும் இல்லை. மீதமுள்ள 68 பேரில் நான்கு பேருக்குக் குறைபாடு இருந்தும் 'நல்லா இருக்கீங்க' என்று அனுப்பிவிடும். சோதனை மோசம் என்பதால் இப்படி ஆவதில்லை, எல்லா ஸ்கிரீனிங்குக்கும் உள்ள இயல்பு இது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2020இல் இதையெல்லாம் எடைபோட்டு, எந்த அறிகுறியும் இல்லாத முதியவர்களைப் பொதுவாகப் பிடித்து இப்படிச் சோதிப்பதால் நன்மை அதிகமா தீமை அதிகமா என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. உங்கள் அப்பா அந்த வகையில் வரமாட்டார். அவரிடம் மறதியை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். முகாம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆக்சிஜன் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் பணமும் ஆபத்தும் இருக்கிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே ஆக்சிஜன் அளவு 88 சதவீதமோ அதற்குக் கீழோ நிலையாக இருக்கும் சிஓபிடி நோயாளிகள் தினம் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக்சிஜன் எடுத்தால் ஆயுள் கூடுகிறது. 1980லும் 1981லும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலிருந்து இது உறுதி. அவற்றில் 1980இல் வந்த, 203 பேர் பங்கேற்ற வட அமெரிக்க ஆய்வில் நினைவு, கவனச் சோதனைகளையும் செய்து பார்த்தார்கள். முன்னேற்றம் இருந்தது, ஆனால் சிறியது. அளவு கொஞ்சம் மட்டுமே குறைந்தவர்களுக்கு நிலைமை வேறு. 2016இல் வெளியான, 738 பேர் பங்கேற்ற ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டு ஆக்சிஜனால் ஆயுளும் கூடவில்லை, மருத்துவமனை போவதும் குறையவில்லை. ஆகவே அப்பாவுக்கு ஓய்வில் 93, 94 என்று காட்டினால், ஞாபகத்துக்காக மிஷின் வாங்குவதில் பலன் இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவர் சொல்லாமல் வாங்கி வைத்துத் திருகைக் கூட்டினால் சிலருக்குக் கரியமில வாயு தேங்கிவிடும். அந்த வாயுவே தூக்கக் கலக்கத்தையும் குழப்பத்தையும் கொண்டுவரும். விரலில் மாட்டும் கருவி அதைக் காட்டாது, தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். இன்னொன்று: கறுத்த தோலுக்கு அந்த விரல் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். அளவு எல்லைக்கோட்டில் நின்றால் கருவியை நம்பி இருந்துவிடாமல் ரத்தத்தைப் பாருங்கள் என்று கேளுங்கள்.

திடீரென்று வரும் குழப்பம் தனி விஷயம். நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் உளறினால், பகலெல்லாம் தூங்கி வழிந்தால், காலையில் எழுந்ததும் தலைவலி என்றால், காய்ச்சலோ சளி நிறம் மாறுவதோ சேர்ந்து வந்தால், அதை மறதி நோய் என்று நினைத்துப் பொறுத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. மருத்துவரிடம் போகும்போது அப்பா சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியவையும் சேர்த்து. பெரியவர்களின் மறதிக்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணங்களில் ஒன்று, சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய வகை மாத்திரைகளும் இருமல் சிரப்புகளும். குளோர்ஃபெனிரமின் கலந்தவை முதியவர்களின் ஞாபகத்தை மந்தமாக்கும். தூக்க மாத்திரைகள் அதைவிட மோசம், சிஓபிடி உள்ளவரின் மூச்சையும் சேர்த்து அடக்கும். ஆனால் நீண்ட நாளாகப் போடும் தூக்க மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், மருத்துவர் மெதுவாகக் குறைக்கட்டும். பி12, தைராய்டு, சர்க்கரை, ரத்தத்தில் சோடியம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குறட்டை எப்படி என்று சொல்லுங்கள். காதையும் சோதியுங்கள். தறிச் சத்தத்திலும் ஆலைச் சத்தத்திலும் இருந்தவர்களுக்குக் காது மந்தமாவது சாதாரணம், கேட்காததற்குப் பதில் சொல்ல முடியாததை மறதி என்று நினைத்துவிடுகிறோம்.

மருத்துவரிடம் அம்மாவைப் பற்றியும் சொல்லுங்கள். உங்கள் கேள்வியில் அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நாற்பது ஐம்பது வருடம் வேளாவேளைக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்தது யார்? நாள் கிழமையை ஞாபகப்படுத்தியது யார்? அம்மா இருந்தவரை அவருடைய மறதி வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். அல்லது அம்மா போன வெசனமே மறதியாகத் தெரியலாம். மனச்சோர்வில் உள்ளவர் கேட்டதும் 'தெரியலீங்க' என்று விட்டுவிடுவார், கொஞ்சம் நேரம் கொடுத்துத் தூண்டினால் பல சமயம் பதில் வந்துவிடும். டிமென்ஷியா உள்ளவர் பெரும்பாலும் தெரிந்ததுபோலப் பேசி மழுப்புவார். இது முழு நிச்சயமான அளவுகோல் இல்லை, இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருக்கவும் செய்யும். ஆனால் மனச்சோர்வுக்கு மருத்துவம் இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது.

வீட்டில் நீங்களே பார்க்க வேண்டியது, என்னைக் கேட்டால், இன்ஹேலர்தான். அப்பா மருந்து எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் பாருங்கள். குலுக்குவது, மூச்சை வெளியே விடுவது, அழுத்துவதும் உள்ளிழுப்பதும் ஒரே நேரத்தில், பிறகு பத்து எண்ணும் வரை அடக்குவது என்று வரிசையாகச் செய்கிற காரியம் அது. திட்டமிடும் திறன் குறையும்போது இந்த வரிசைதான் முதலில் கலையும். கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய ரோட்டாகேப் என்கிற மருந்துக் குளிகையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு, 'மருந்து கேக்கறதில்லீங்க' என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு சுழல் இருக்கிறது: மருந்து உள்ளே போகாததால் மூச்சு கெடுகிறது, மூச்சு கெடுவதால் மூளை மந்தமாகிறது, அதனால் மருந்து இன்னும் தவறுகிறது. வரிசை கலைந்திருந்தால் இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் குழாய் வைத்துக் கொடுங்கள், அல்லது நெபுலைசர் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், தினம் ஒருவர் கூட இருந்து கொடுங்கள். அறிவாற்றல் சோதனையால் ஒரு நுரையீரல் நோயாளிக்குக் கிடைக்கக்கூடிய உடனடி நன்மை இதுதான் என்று நான் நினைக்கிறேன். நோய்க்கு என்ன பெயர் என்று தெரிவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

அதோடு, பால் கணக்கு, ரேஷன், கரண்ட் பில் இவற்றில் முன்பு தானே செய்தது எது, இப்போது விட்டது எது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அடுப்பை அணைக்க மறந்தாரா, தெரிந்த வழியில் தடுமாறினாரா என்பதையும் எழுதுங்கள். டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டுகிறார் என்றால் பின்னால் உட்கார்ந்து ஒரு முறை போய்ப் பாருங்கள். தாளில் வேகம் குறைவு என்று வந்திருக்கும் நிலையில், ஒரு முடிவு தெரியும் வரை பெரிய ரோட்டில் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது நியாயம். காலையும் பொழுதோடும் தோட்டத்து வரப்பில் மூச்சுக்குத் தகுந்த நடை நடக்கட்டும். முறையான நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி மூச்சையும் நடக்கும் திறனையும் மேம்படுத்துகிறது என்பது உறுதி. அது ஞாபகத்துக்கும் உதவும் என்பதற்குச் சிறிய ஆய்வுகளே இருக்கின்றன, நம்பிக்கையாக இருக்கிறது, நிச்சயம் என்று சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. காசு வாங்கிக்கொண்டு கணினியில் கொடுக்கும் மூளைப் பயிற்சிகளில் அந்த விளையாட்டில் தேறுவார்கள், அது அன்றாட வாழ்க்கைக்குக் கைகொடுக்கும் என்பதற்கு ஆதாரம் பலவீனம்.

அண்ணன் சொல்லும் காட்டு விஷயம் என் துறை இல்லை. ஆனால் அந்தத் தாள் எதற்குச் சான்று ஆகாது என்று சொல்ல என்னால் முடியும். அப்பாவுக்குச் சுயபுத்தி இல்லை என்று அது காட்டவில்லை. சோதனையில் சிவப்பு வந்த எத்தனையோ பேர் தங்கள் சொத்து என்ன, பிள்ளைகள் யார், யாருக்கு எதைக் கொடுக்க விரும்புகிறார்கள், ஏன் என்று தெளிவாகச் சொல்வார்கள். அந்தத் தெளிவைத்தான் பார்க்க வேண்டும், அதற்குத் தனி மதிப்பீடு உண்டு. மூச்சும் மனசும் சரியில்லாத இந்த நேரத்தில், ஒரு முகாம் தாளைக் காட்டி அவரைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போவது அவருக்கும் நல்லதல்ல, பின்னால் உங்களுக்குள்ளும் பேச்சு வளரும். தாளை மருத்துவ ஃபைலில் வையுங்கள், பத்திரத்தோடு வைக்காதீர்கள்.

அப்பாவிடம் சொல்லலாமா என்றால், சொல்லுங்கள். சோதனை செய்தது அவரைத்தான், முடிவைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் அவருடையது. எல்லோரும் தணிந்த குரலில் பேசுவதை அவர் ஏற்கெனவே கவனித்திருப்பார். சொந்தபந்தம் சூழ உட்காரவைக்காமல், காலையில் மருந்து எடுத்து மூச்சு அடங்கிய பிறகு நீங்கள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, 'அன்னைக்கு டெஸ்ட்ல கொஞ்சம் கம்மியா வந்துச்சுங்கப்பா. மூச்சுனால இருக்கலாம், அம்மா இல்லாத வெசனத்துனால இருக்கலாம், வேற ஏதாச்சும் இருக்கலாம். டாக்டர்கிட்டப் போயி ஒவ்வொண்ணாப் பாத்துட்டு, மூணு மாசங்கழிச்சு நல்லா இருக்கறப்ப மறுபடியும் ஒருக்கா செஞ்சு பாக்கலாங்க' என்று சொல்லிவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். தனக்கு என்ன மறக்கிறது என்று அவரே சொல்ல ஆரம்பித்தால், அதையும் அந்த நோட்டில் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் கொடுங்கள்.